பக்கி வண்டியின் அதிர்வைக் கண்டறியும் முறை

தென்னாப்பிரிக்காவின் டோங்காட், ஸ்டாங்கர் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைக்கும் பக்கி (பிக்அப் எனப்படும் சிறு சரக்கு வண்டி), நெடுஞ்சாலையில் 80 அல்லது 100 கிலோமீட்டர் வேகத்தில் அதிரத் தொடங்கியதும், பலர் டயரை மாற்றி, அதிலும் தீராவிட்டால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்டையே மாற்றிவிடுகிறார்கள். ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் சாலையிலேயே காரணத்தைப் பெருமளவு பிரித்தறியலாம் என்பதால், இந்தச் செலவு வீண் என்றே கருதுகிறேன்.

முதலில் நான்கு ரிம்களின் உட்புறத்தையும் நன்றாகக் கழுவுங்கள். மழைக்காலத் தோட்டப் பாதையில் அப்பிக் காய்ந்த ஒரு பிடி மண்ணே சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கப் போதும்.

பிறகு என்2 தேசிய நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நேரத்தில் ஓட்டி, அதிர்வு எழும் வேகத்தை உடன் வருபவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள்: அதிர்வு அதே வேகத்தில் நீடித்தால் கோளாறு கியர்பாக்ஸைத் தாண்டி, ஷாஃப்டிலோ சக்கரங்களிலோ இருக்கிறது, எஞ்சின் சுற்றோடு சேர்ந்து மாறினால் எஞ்சின் மவுண்டிங்கையும் கிளட்சையும் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸைத் தாண்டித்தான் என்று தெரிந்தால், அது சக்கரமா ஷாஃப்டா என்பதை உங்கள் உடலே சொல்லிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுற்றுகிறது. பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் பல்சக்கரத் தொகுதியின் விகிதம் 4-க்கு 1 என்றால் ஷாஃப்ட் சுமார் 50 முறை சுற்றுகிறது. ஆகவே சக்கரக் கோளாறு ஸ்டியரிங்கையோ இருக்கையையோ குலுக்கும். ஷாஃப்ட் கோளாறோ பாதத்தின் கீழே தரையில் ரீங்காரமாகக் கேட்கும். சுமையோடு புறப்படும்போது மட்டும் உதறினால், பின்புற லீஃப் ஸ்பிரிங் அமிழ்ந்து, ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்டின் கோணம் மாறுவதையோ, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருப்பதையோ சந்தேகியுங்கள்.

வண்டிக்கு அடியில் போகும் முன், பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் பயன்படாது என்பதை மறக்காமல், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, யுனிவர்சல் ஜாயிண்டின் இரு பக்கத்தையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருந்தாலும், மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தாலும், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்ந்துவிட்டது. ஷாஃப்டில் பற்றவைப்புத் தழும்பு மட்டும் மிஞ்சியிருந்தால், அங்கிருந்த சமநிலை எடைத்தகடு விழுந்துவிட்டது.

கழற்றுமுன் இணையும் இடங்களில் பெயிண்டால் கோடிடுங்கள்; இரு துண்டு ஷாஃப்டைத் திசை மாற்றிப் பூட்டினால், புது ஜாயிண்ட் போட்ட பிறகும் அதிர்வு தொடரும். சமநிலைப்படுத்தக் கொடுக்கும்போது இரு துண்டுகளையும் சேர்த்தே கொடுத்து, பூட்டியபின் அதே சுமையோடு அதே வேகத்தில் ஓட்டிச் சரிபாருங்கள்.