உயிர்த்தெழுந்த சரீரமும் ஆயிரவருஷ அரசாட்சியும்: முதல்முறை வேதபாடம் எடுப்பவர்களுக்கு

வேலூரில் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் சி.எஸ்.ஐ. சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். எடுத்த எடுப்பிலேயே ஆயிரவருஷத்தில், அதாவது வெளிப்படுத்தல் 20 சொல்லும் கிறிஸ்துவின் ஆயிரம் வருஷ ஆளுகையில், கைவைத்தால் விவாதம்தான் நடக்கும், பாடம் நடக்காது. உயிர்த்தெழுந்த சரீரத்தில் தொடங்குங்கள். அங்கே எல்லாச் சபைக்கும் ஒரே விசுவாசம்.

படி 1: லூக்கா 24:36–43

சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சீஷர்கள் ஆவியைக் கண்டதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். இயேசு கைகால்களைக் காட்டுகிறார், பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். கூடவே யோவான் 20-ஐயும் வாசியுங்கள். பூட்டிய வீட்டுக்குள் வந்து நிற்கிறார், ஆனால் காயத்தழும்பு அப்படியே இருக்கிறது. பழைய சரீரமேதான், ஆனால் பழையபடி இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 2: 1 கொரிந்தியர் 15:35–54

பவுல் விதையைக் காட்டுகிறார். நம் பக்கத்து ஆட்களுக்கு நிலக்கடலை போதும்: போட்டது ஒரு பருப்பு, முளைப்பது செடி. ஆனாலும் அது அந்தப் பருப்பின் செடிதான். 50-ஆம் வசனத்தில் ஒருவர் நிச்சயம் நிறுத்துவார்: "மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது என்று இருக்கிறதே, ஐயா?" அவரையே 53 வரை வாசிக்கச் சொல்லுங்கள். அழிவுள்ள இந்தச் சரீரம் அழியாமையைத் தரித்துக்கொள்கிறது, தூக்கி எறியப்படவில்லை.

படி 3: வரப்போகும் கேள்விக்குத் தயாராகுங்கள்

கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955 முதல் இருக்கிற ஊர் இது. டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியது இங்கேதான். அதனால் "விரல் போனவர் எப்படி எழுந்திருப்பார்? சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு உடலைத் தானம் செய்தவர்?" என்று கேட்பார்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

பிலிப்பியர் 3:21-ஐ எடுங்கள். நம் சரீரம் கிறிஸ்துவின் மகிமையான சரீரத்துக்கு ஒப்பாகும். பலவீனம் நீங்கும், ஆள் மாறமாட்டார். எந்தத் தழும்பு இருக்கும், எது போகும் என்று வேதம் பட்டியல் தரவில்லை. நீங்களும் தர வேண்டாம். தானத்துக்கும் தகனத்துக்கும் ஒரு பழைய சம்பவம் உதவும். கி.பி. 177-இல், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில், சபையைத் துன்புறுத்தியவர்கள் தாங்கள் கொன்ற கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள், இனி எப்படி எழுந்திருப்பார்கள் பார்க்கலாம் என்று. சபை அந்த நம்பிக்கையை விடவில்லை.

படி 4: இப்போது அரசாட்சி

பாலம் 1 கொரிந்தியர் 15-க்குள்ளேயே இருக்கிறது. 25, 26 வசனங்களில் கிறிஸ்து ஆளுகை செய்கிறார், கடைசிச் சத்துருவாகிய மரணம் ஒழிகிறது. அப்புறம் வெளிப்படுத்தல் 20:1–7. ‘ஆயிரம் வருஷம்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு.

இதைச் சபைகள் மூன்று விதமாகப் புரிந்துகொள்கின்றன. கிறிஸ்து முதலில் வருவார், பிறகு பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்பது ஒன்று. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இதுதான். அந்த லியோன் நகரில் பிறகு பேராயரான இரேனியு அப்படி நம்பினார். ஆயிரம் என்பது அடையாள எண், கிறிஸ்து இப்போதே ஆளுகிறார் என்பது பழங்காலச் சபைப் பேராயர் அகுஸ்தீனின் வழி. கத்தோலிக்கரும் பல பழைய புரொட்டஸ்டண்ட் சபைகளும் இதில் நிற்கிறார்கள். சுவிசேஷம் உலகெங்கும் வென்ற பிறகுதான் அவர் வருவார் என்பது மூன்றாவது. நம் பக்கம் அதிகம் கேள்விப்பட மாட்டீர்கள்.

எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், தான் பூமி அரசாட்சியை நம்பினாலும், நல்ல கிறிஸ்தவர்கள் பலர் வேறுவிதமாக நினைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். சுவரில் வண்ண வண்ணமாய் கால அட்டவணை மாட்டுவதை முதல் வாரத்தில் கண்டிப்பாகத் தவிருங்கள்.

படி 5: வீட்டுப்பாடம்

ஏசாயா 65:17–25. புதிய வானம், புதிய பூமி என்று தொடங்குகிறது, ஆனால் 20-ஆம் வசனத்தில் நூறு வயதில் ஒருவர் மரிக்கிறார். மூன்று தரப்பும் அந்த வசனத்துக்கு என்ன சொல்வார்கள் என்று அடுத்த வாரம் கேளுங்கள்.