பன்னீர் திராட்சை இஞ்சி சோடா: மதுரை வெயிலில் செய்யும் முறை

பன்னீர் திராட்சையை வாங்கிய மறுநாளே காம்பை விட்டு உதிர ஆரம்பித்துவிடும். மாட்டுத்தாவணியில் விலை இறங்கிய ஒரு நாள் மூன்று கிலோ வாங்கி வந்து, பாதியை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு, மீதியை என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் இந்த சோடா வேலையில் இறங்கினேன். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் நடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பழம் வருடம் முழுக்கக் காய்ப்பதால் சீசனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விதையில்லாப் பச்சைத் திராட்சையில் செய்யாதீர்கள். நுரை வரும், அந்த மணம் வராது.

திராட்சையைப் புளிக்க வைப்பது என்றதும் பலரும் வைன் போடுவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் இங்கே அது இல்லை. காய்ச்சி வடிப்பதன் பக்கமே போக வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது. நாம் செய்யப்போவது சோடா. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு விட ஆரம்பித்ததும் பாட்டிலை மூடி, போதுமான நுரை கட்டியவுடன் குளிரில் வைத்துவிடுகிறோம். பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்கு? இதே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான். அவர்கள் சுண்ணாம்பால் தடுக்கிறார்கள், நாம் சிறிது தூரம் போகவிட்டுக் குளிரால் பிடித்து நிறுத்துகிறோம்.

இஞ்சி உறை

தயிருக்கு உறைமோர் போல இதற்கும் ஒரு உறை வேண்டும். 'ஊறல்' என்றுதான் முதலில் எழுதினேன். நம் பக்கத்தில் அந்தச் சொல் கள்ளச்சாராயத்துக்குப் போய்விட்டதால் மாற்றிவிட்டேன்.

கால் லிட்டர் தண்ணீர், 20 கிராம் இஞ்சி, 20 கிராம் வெள்ளைச் சர்க்கரை. இஞ்சியைத் தோலோடு துருவ வேண்டும். நமக்கு வேண்டிய ஈஸ்ட் அந்தத் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண் போக ஒரு அலசு அலசினால் போதும். அம்மா வழக்கப்படி தோலைச் சுரண்டி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்த இஞ்சியில் செய்த முதல் உறை ஐந்து நாள் அப்படியே சர்க்கரைத் தண்ணீராகக் கிடந்தது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். மூடி போட வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் 10 கிராம் இஞ்சியும் 10 கிராம் சர்க்கரையும் சேர்த்துக் கலக்க வேண்டும். மே மாதம் என்றால் இரண்டாம் நாளே ஓரத்தில் நுரை கட்டும். மார்கழியில் நான்கைந்து நாள் ஆகலாம். உறை தயாரா என்று பார்க்கக் காதை ஜாடி வாயருகே வைத்துக் கேட்பேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து அடங்கும் நேரத்தில் வருமே, அதுபோல மெல்லிய சத்தம் கேட்கும். ஆப்ப மாவு வாசனையும் இஞ்சி வாசனையும் கலந்து வரும்.

மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் எடுத்துப்போட்டுவிட்டுத் தொடரலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். மேலாக எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

திராட்சைச் சாறு

ஒரு லிட்டருக்கு அரைக் கிலோ பழம். காம்பு நீக்கி, மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு முறை அலசுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் பழத்தோடு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்தபின் பத்து நிமிடம் சிறு தீயில் வைத்து, மத்தால் மசியுங்கள். அலுமினியம் கூடாது, திராட்சையின் புளிப்பு அதை அரிக்கும். மிக்ஸியும் கூடாது, விதை அரைபட்டால் சாறு துவர்த்துக் கசக்கும். துணியில் வடிகட்டி, 30 கிராம் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, தண்ணீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்குங்கள்.

நன்றாக ஆற வேண்டும். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. ஆறியதும் உறையிலிருந்து 60 மில்லி வடிகட்டி ஊற்றிக் கலக்கினால் இந்தக் கட்டம் முடிந்தது. எடுத்த அளவுக்கு ஜாடியில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்து, வாரம் ஒருமுறை தீனி போட்டு வந்தால் உறை மாதக்கணக்கில் இருக்கும்.

அளவுகளைக் கிராமில் சொல்வதற்குக் காரணம் உண்டு. டம்ளர் கணக்கில் செய்தபோது ஒருமுறை வந்த நுரை மறுமுறை வரவில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

பாட்டில்

இங்கேதான் நிதானம் வேண்டும். மற்ற கட்டங்களில் தவறு செய்தால் சோடா கெடும். இதில் தவறு செய்தால் கண் போகலாம்.

சித்திரைத் திருவிழா சமயம் அது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ராத்திரி, அழகாக இருக்கிறதே என்று வைத்திருந்த ஒரு சதுரக் கண்ணாடி பாட்டிலில் சாறை நிரப்பி, இறுக்கி மூடி, சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டு நாள் வெளியே இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வெடித்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் சுண்ணாம்படித்த சுவரில் ஆள் உயரத்துக்குக் கருநீலமாகத் தெறித்திருந்தது. ஒரு சில்லு, ஜன்னல் கட்டையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் துளைத்து நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்னால்வரை அம்மா அந்த மேடையில்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரை இரண்டு முறை வெள்ளையடித்தும் கறை லேசாகத் தெரிகிறது.

ஏன் வெடித்தது என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஈஸ்ட் 10 கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறத்தாழ 5 கிராம் கரியமில வாயுவும் 5 கிராம் ஆல்கஹாலும் வரும். ஒரு லிட்டர் பானம் மிதமாக நுரைக்க 5 கிராம் வாயு போதும். ஆனால் பழத்தில் இருப்பதும் நாம் போட்டதுமாக நம் சாறில் 100 கிராம் சர்க்கரையாவது இருக்கிறது. அத்தனையையும் தின்னவிட்டால் 50 கிராம் வாயு, தேவையைப் போலப் பத்து மடங்கு. எந்தப் பாட்டில் தாங்கும்? நான் படித்த இரண்டு நாள் கணக்கு குளிரான ஊர்க்காரர் எழுதியது. சித்திரை வெயிலில் நம் சமையலறைக்கு அது பொருந்தாது.

அதனால் மணிக்கணக்கை நம்பாமல் கையை நம்புங்கள். பெரிய நிறுவனங்களின் சோடா வரும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அடியில் பூவிதழ் போல ஐந்து கால் இருப்பது, அதுதான் வேண்டும். அழுத்தத்தைத் தாங்கவே அப்படிச் செய்கிறார்கள். தண்ணீர் பாட்டில் உதவாது, பிளாஸ்டிக் மெல்லியது. கிளிப் மூடி போட்ட கண்ணாடி பாட்டில் பார்க்க நன்றாக இருக்கும், பலரும் அதைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாடி கைக்குச் சொல்லாது.

கழுவிய பாட்டிலில் சாறை ஊற்றி, மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். மூடும் முன் பாட்டிலின் வயிற்றை அமுக்கி, சாறு கழுத்துவரை ஏறியதும் அப்படியே மூடியைத் திருகுங்கள். பாட்டில் நெளிந்து சப்பையாக நிற்கும். வாயு கட்டக் கட்ட அது தானாக நிமிரும். நிமிர்ந்தால் உறை வேலை செய்கிறது, மூடியும் கசியவில்லை. பத்து மணி நேரம் ஆகியும் நெளிவு அப்படியே இருந்தால் மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பக்கத்தில் கடையில் வாங்கிய, திறக்காத சோடா பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் அதை ஒரு அழுத்து, நம்முடையதை ஒரு அழுத்து. கடைப் பாட்டில் கல் போல இருக்கும். நம்முடையது அதற்குக் கொஞ்சம் கீழே, விரல் சற்றே அமுங்கும் பதத்துக்கு வந்தவுடன் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். எனக்கு மே மாதத்தில் எட்டு மணி நேரத்தில் இந்தப் பதம் வருகிறது, டிசம்பரில் ஒரு முழு நாள். ராத்திரி தூங்கப் போகும்போது பாட்டிலை வெளியே விடாதீர்கள். காலையில் ஆறு மணிக்கு நிரப்பினால் பகலெல்லாம் கண் முன்னால் இருக்கும்.

குறைந்தது பத்து மணி நேரம் குளிர வேண்டும். குளிர்ந்த நீரில்தான் வாயு நன்றாகக் கரைந்து நிற்கும், அவசரப்பட்டுத் திறந்தால் பாதி தரையில்தான் இருக்கும். திறக்கும்போதும் மூடியைக் கால் திருகு திருகி, சத்தம் அடங்கியபின் இன்னொரு கால் திருகு. டம்ளரில் ஊற்றினால் மேலே ஊதா நுரை இரண்டு விரல் எழும்பி, பிசுபிசுவென்று அடங்கும். முதலில் மூக்கில் பன்னீர் மணம், தொண்டையில் இறங்கும்போது இஞ்சிக் காரம். கறி விருந்து முடிந்த மத்தியானத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை.

மேலே சொன்ன கணக்குப்படி இதில் நூற்றுக்கு அரைப் பங்கை ஒட்டி ஆல்கஹால் இருக்கும். வெளியே வைத்த நேரம் கூடினால் அதுவும் கூடும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், துளியும் கூடாது என்று இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். யாருக்குக் கொடுத்தாலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

படித்துவிட்டுச் செய்தவர்கள் கேட்டதில் சேர்த்தவை

ஜிகர்தண்டாவுக்கு வாங்கிய நன்னாரி சர்பத்தை வைத்துச் செய்த ஒருவருக்கு மூன்று நாளாகியும் நுரையே வரவில்லை. பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொன்னேன், சோடியம் பென்சோயேட் என்று இருந்தது. கெடாமல் இருக்கச் சேர்க்கும் அந்தப் பொருள் ஈஸ்டையும் வளரவிடாது. நன்னாரி வேரை வாங்கித் தட்டி, ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து வடித்துச் செய்தால் அருமையாக வருகிறது. லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை போடுங்கள்.

வெல்லம் போடலாமா? சாறுக்குப் போடலாம், உறைக்கு வேண்டாம். வெல்லத்தில் தூசி துரும்பு அதிகம், உறை சீக்கிரம் கெடுகிறது. சர்க்கரைக்குப் பதிலாகச் சீனித்துளசி போடலாமா என்று கேட்டவருக்கு, ஈஸ்டுக்கு அது தீனி இல்லை, வாயு வராது.

கோலி சோடா பாட்டில் கிடைக்கிறதே, அதில் நிரப்பலாமா என்றும் கேட்டார்கள். ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. இயந்திரத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, வாயுவை அழுத்தி ஏற்றும்போதுதான் கோலி போய் ரப்பரில் அடைக்கும். நம் உறை மெதுவாக விடும் வாயுவில் கோலி மேலே ஏறாது.

கடைசியாக, கரண்ட் இல்லாத நாள். எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை நிறுத்துவார்கள். ஃபிரிட்ஜில் ஈஸ்ட் சாவதில்லை, தூங்கத்தான் செய்கிறது. எட்டு மணி நேரம் குளிர் விட்டுப்போனால் விழித்துக்கொள்ளும். ஒருவர் வீட்டில் இரண்டு பாட்டிலின் அடி புடைத்து நேராக நிற்காமல் சாய்ந்துவிட்டன. முதல் நாளே அறிவிப்பு வரும், அன்று ராத்திரியே இருப்பதைக் குடித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் காலையில் மூடியை லேசாகத் தளர்த்தி வாயுவை விட்டு, திரும்ப மூடி, ஐஸ் போட்ட வாளியில் கழுத்துவரை அமிழ்த்தி வையுங்கள். மற்ற நாளிலும் ஐந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.