காதில் உட்காராத இயர்போனுக்குக் காசு கொடுக்காதீர்கள்

காலையில் குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பஸ்ஸில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களின் கை சும்மா இருக்காது. வெலிங்டனில் ஒருமுறை, அருவங்காட்டில் ஒருமுறை, எல்லநள்ளி ஏற்றத்தில் ஒருமுறை என்று விரல் காதுக்குப் போய் இயர்போனை உள்ளே அழுத்திவிட்டு வரும். ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கும் இதே கதி, ஐயாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் இதே கதி. நானும் பல வருடங்கள் இப்படி அழுத்திக்கொண்டே ஊட்டி போய்ச் சேர்ந்தவன்தான். என் மேசை இழுப்பறையில் ஐந்து இயர்போன்கள் கிடக்கின்றன. நான்கின் ஒலியில் ஒரு குறையும் இல்லை. என் காதுதான் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது.

ரப்பரை மாற்றிப் பார்க்காமல் இருப்பது

பெட்டியைத் திறக்கும்போது இயர்போனில் பெரும்பாலும் நடுத்தர அளவு ரப்பர் மாட்டியிருக்கும். சிறியதும் பெரியதுமாக இன்னும் இரண்டு ஜோடி ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். அந்தப் பை பெட்டியோடு சேர்ந்து பரணுக்குப் போய்விடுகிறது. முதல் தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்த வகை இயர்போன் காதுக்குழாயை ரப்பரால் அடைத்துக்கொண்டு, உள்ளே அடைபட்ட துளிக் காற்றை அசைத்துத்தான் ஒலியைத் தருகிறது. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கனத்த ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடும். கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்டு, இடப்பக்கமான தொப்பியின் கனத்த கும்காரம் மட்டும் காணாமல் போயிருந்தால் ரப்பர் காதை அடைக்கவில்லை என்று பொருள். இது தெரியாமல், ‘பேஸ் சுத்தமாக இல்லை’ என்று இணையக் கடையில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குகிறவர்கள் உண்டு. நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன்.

அளவுக்கு மீறிய ரப்பர் தரும் தண்டனை வேறு. முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அரை மணியில் காதுக்குள் ஒரு கனம் ஏறும், ஒரு மணியில் வலிக்கத் தொடங்கும். கடையில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில் பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டால்தான் காது தன் தீர்ப்பைச் சொல்லும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனக்கு வலக்காதுக்கு நடுத்தரம், இடக்காதுக்குச் சிறியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு இயர்போன்களின் விலை ஆனது.

செருகும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காதுக்குழாய் நேர்க்கோடு அல்ல, சற்று வளைந்தது. ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நிமிரும். அப்போது மறுகையால் இயர்போனைச் செருகிவிட்டு மடலை விட வேண்டும். வெறுமனே அழுத்துவதைவிட இதில் நன்றாக உட்காரும்.

ஃபோம் நுனிகளை வாங்குகிறவர்களுக்கு மலையில் ஒரு தனித் தொல்லை. விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் காதுக்குள் மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும் நுரைப்பஞ்சு அது. ரப்பரைவிட மென்மையானது, வெளிச்சத்தத்தையும் அதிகம் தடுக்கும். ஆனால் குளிரில் விறைத்துவிடும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில், சட்டைப் பையிலிருந்து எடுத்த ஃபோம் மரக்கட்டைபோல் இருக்கும். உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கிய பிறகு உருட்டுங்கள். செருகியபின் விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வியர்வையும் அழுக்கும் ஏறிச் சில மாதங்களில் அது தளர்ந்துவிடும். ஆகவே மாற்று ஜோடிகளின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

குல்லாவை மறந்துவிட்டு வாங்குவது

இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவர்களில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நமக்கோ ஆண்டில் பாதி நாள் குல்லாவும் மஃப்ளரும்தான். காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இயர்போனை இறுக்கமான கம்பளிக் குல்லா உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கும். பஸ் உதகை வருவதற்குள் காது சிவந்துவிடும். எனவே உடல் பகுதி தட்டையாகவும் சிறியதாகவும் இருப்பதையே தேடுங்கள். காதுக் குழிக்குள் அடங்கி, மடல் மட்டத்துக்கு மேல் வராதது உத்தமம். காதுக்குள் நுழையும் குழலின் பருமனையும் கவனியுங்கள். குழல் தடித்திருந்தால் எவ்வளவு சிறிய ரப்பர் போட்டாலும் சின்னக் காதுகளுக்கு வலிதான்.

வயர் உள்ளதாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. வயர் ஸ்வெட்டரில் உரசும் ஒவ்வொரு முறையும் அந்தச் சரசரப்பு வயர் வழியாகவே காதுக்கு ஏறிவிடும். பாட்டின் நடுவே யாரோ முறத்தில் அரிசி புடைப்பதுபோல் இருக்கும். வயரைக் காது மடலுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்பக்கமாக இறக்கினால் இந்தச் சத்தம் பெரிதும் அடங்கும். மேலே சுற்றி மாட்டுவதற்கென்றே வடிவமைத்த இயர்போன்கள் இப்போது குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. நேராகத் தொங்கும் வகைதான் கையில் இருக்கிறது என்றால் காலரில் ஒரு சிறு கிளிப் குத்திக்கொள்ளுங்கள்.

எண்களுக்கு மயங்குவது

பெட்டியில் ‘20 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று அச்சடித்திருப்பார்கள். நல்ல இளங்காதுக்கே எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்தான், வயது ஏற ஏற அதுவும் இறங்கும். மிச்சத்தை வௌவால்தான் கேட்க வேண்டும். உள்ளே ஒலியை எழுப்பும் சிறு பாகமான டிரைவரை எண்ணி, ‘நான்கு டிரைவர்’, ‘ஆறு டிரைவர்’ என்று அடிக்கும் பெருமையும் இப்படித்தான். ஒரே ஒரு டிரைவரை ஒழுங்காக அமைத்த இயர்போன், ஆறைத் திணித்ததைவிட இனிமையாகப் பாடும். என் அனுபவத்தில், வயர் உள்ள வகையில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் நிறைவாகக் கேட்கும் பொருள் கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் கொடுப்பது ஆசை.

வயர் வேண்டாம், புளூடூத் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே விலையில் பேட்டரிக்கும் சிப்புக்கும் சேர்த்துத்தான் பணம் போகிறது. லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் வழக்கமான நேரம் உழைக்காது. வருடங்கள் போகப் போக அதன் கொள்ளளவும் குறையும், இவ்வளவு சிறிய உடலைத் திறந்து பேட்டரி மாற்றுவதும் எளிதல்ல. என் சொந்தக் குறை வேறு: கேத்தி அருகே ஜன்னலோரம் உட்கார்ந்து குல்லாவைக் கழற்றினேன், இடக்காதுத் துண்டு கூடவே வெளியே பறந்தது. வலக்காது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வயர் பக்கம் வருகிறவர்கள் முதலில் தங்கள் போனைத் திருப்பிப் பாருங்கள். வட்டமான 3.5 மி.மீ. துளை பல போன்களில் இல்லாமல் போய்விட்டது. டைப்-சி முனையோடு வரும் இயர்போனோ, இடையில் மாட்டும் அடாப்டரோ தேவைப்படும். மலிவான அடாப்டர்கள் சில எல்லாப் போனிலும் வேலை செய்யாது. ஒலியை மாற்றித் தரும் சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சத்தத்தைச் சத்தத்தால் வெல்வது

இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும் பஸ்ஸின் உறுமலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் ஒலியளவைக் கூட்டத்தான் தோன்றும். இதுதான் காதைக் கெடுக்கும் தவறு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல் ஒலியளவு வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுவர்களுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 89 டெசிபெல் என்றால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவருக்கு அது நான்கைந்து நாளில் தீர்ந்துவிடும். இங்கேயும் ரப்பர்தான் துணை: காதை ஒழுங்காக அடைத்தால் உறுமல் குறையும், பாட்டைச் சிறிய அளவில் வைத்தே கேட்கலாம். இரைச்சல் நீக்கும் மின்னணு வசதி, எஞ்சினின் தாழ்ந்த உறுமலை நன்றாக விழுங்கும். பக்கத்து இருக்கைப் பேச்சைத் தடுக்க அப்போதும் ரப்பரைத்தான் நம்ப வேண்டும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சுருக்கமாக: நீரைத் தாங்கும் தரத்தைக் காட்டும் ஐபிஎக்ஸ்4 குறி போட்டிருந்தால் தூறலும் வியர்வையும் தாங்கும், நீரில் முக்கினால் தாங்காது. மூடுபனியில் நடந்துவிட்டு வந்ததும் ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். துடைத்து, ரப்பரைக் கழற்றி, குழல் முனையிலுள்ள வலையில் காதழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்துவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் இதைச் செய்யலாம்.

காட்டுப் பாதையில், இறக்கத்தில்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இந்த இடைவெளியில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாறுகிறது. குன்னூரிலிருந்து பர்லியார் வழியாகப் பஸ் இறங்கும்போது காது அடைப்பது இதனால்தான். எச்சில் விழுங்கினால் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்து, உள்ளே அழுத்தம் சமப்படும். இறுக்கமான ரப்பர் வெளிப்பக்கத்தையும் அடைத்துவைத்திருந்தால் செவிப்பறைக்கு இரு பக்கமும் குழப்பம். சளி பிடித்திருக்கும் நாளில் இது நல்ல வலியாகவே மாறும். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் கழற்றிவிட்டு, கல்லாறு வந்தபின் மாட்டிக்கொள்வது என் வழக்கம்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைத் தோட்டத்து வழியாக வீட்டுக்கு நடக்கிறவர்களும் கழற்றித்தான் ஆக வேண்டும். நன்றாகப் பொருந்திய இயர்போன் வெளியுலகத்தை அவ்வளவு நன்றாக மறைத்துவிடும். போன ஐப்பசியில் எங்கள் வீட்டுச் சந்தின் வளைவில் ஒரு காட்டெருமை புல் மேய்ந்துகொண்டு நின்றது. நான் பாட்டில் இருந்தேன். மேலே வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா மூன்று முறை கத்தினாராம். கடைசியில் அவர் கையை ஆட்டியதைப் பார்த்துத்தான் நின்றேன். எனக்கும் அதற்கும் நடுவே ஒரு தேயிலை வரிசைதான் இருந்தது.