தமிழ்நாடு அரசு முத்திரையைப் படிப்பது எப்படி?

அரசு ஆவணம் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், முத்திரை தெளிவாக அச்சாகியிருந்தால் போதும்.

முதலில் நடுவில் இருக்கும் கோபுரத்தைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்றுதான் பலரும் சொல்வார்கள், ஆனால் 1949இல் இதை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ், தான் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை என்றே சொன்னார், வரைந்தவர் பேச்சைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம் கோபுரத்துக்கு முன்னால் அசோகர் தூணின் சிங்கங்கள், இரு பக்கமும் தேசியக்கொடி.

கடைசியாக எழுத்து: மேலே ‘தமிழ்நாடு அரசு’, கீழே ‘வாய்மையே வெல்லும்’. முண்டக உபநிடதத்தின் ‘சத்யமேவ ஜயதே’தான் இப்படித் தமிழாகியிருக்கிறது. அந்த ‘வாய்மை’ என்ற சொல் குறளில் ஒரு அதிகாரத்துக்கே தலைப்பு, 30ஆவது அதிகாரம்.