ரோட் டேக்ஸ் செத்த கார், பிளேட் இல்லாத கார்: முடிச்சு எங்கே விழுகிறது?

மலேசியாவில் செந்தூல் அடுக்குமாடிகளின் கீழே ஆகட்டும், பட்டர்வொர்த் கடைவரிசையின் பின்சந்தில் ஆகட்டும், டயர் காற்றிறங்கிக் கண்ணாடியில் தூசி அப்பிய ஒரு காராவது நிற்கும். சிலவற்றில் பிளேட் இருக்கும், ரோட் டேக்ஸ் எனும் சாலை வரி செத்து, அதாவது காலாவதியாகி, வருடக்கணக்கில் ஆகியிருக்கும். சிலவற்றில் பிளேட்டே இருக்காது. பார்க்கிறவர்கள் திருட்டுக் கார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரங்களில் கதை அதைவிடச் சாதாரணமானது. சம்மன் எனும் போக்குவரத்து அபராதம் கட்டவில்லை, அதனால் ரோட் டேக்ஸ் எடுக்க முடியவில்லை. ரோட் டேக்ஸே இல்லையே என்று காப்புறுதியையும் விட்டாயிற்று. அதற்குள் கார் கை மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. ஒரு காகிதத்தைத் தவறவிட்டதில் அடுத்த மூன்று காகிதங்களும் பூட்டிக்கொண்டன.

புதுக் காரிலிருந்தே தொடங்குவோம். கலிபோர்னியாவில் முன்பு புதுக் காருக்குப் பிளேட் மாட்ட ஆறு மாதம் வரை அவகாசம் இருந்தது. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மாடல் மெர்சிடிஸைக் குத்தகைக்கு மாற்றி எடுத்து, பிளேட் இல்லாமலேயே ஓட்டினார் என்பார்கள். 2019 தொடக்கத்தில் தற்காலிகப் பிளேட்டைக் கட்டாயமாக்கி அந்த ஓட்டையை அங்கே அடைத்துவிட்டார்கள். இந்தக் கதையை வைத்துக்கொண்டு "புதுக் காடிதானே, கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று மாமாக் கடையில் பேசுவதுண்டு. இங்கே அந்தச் சலுகை கிடையாது. பதிவு, காப்புறுதி, ரோட் டேக்ஸ், பிளேட் நான்கும் முடிந்த பிறகுதான் கார் சாலையில் இறங்க வேண்டும்.

நம்மவர்கள் சறுக்குவது நல்ல நாளில். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் குறித்தாயிற்று, நம்பர் கிடைக்கத் திங்கள் ஆகும் என்கிறார் விற்பனையாளர். கோயில் வரைக்கும்தானே, கொடுத்துவிடுங்கள் என்று நெருக்குவார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினாலும் காப்புறுதி இல்லாத கார் காப்புறுதி இல்லாத கார்தான். பதிவு முடிந்து நம்பர் கையில் வந்த பிறகு நாள் பாருங்கள். நாளை மாற்ற மனமில்லை என்றால் அந்த நேரத்தில் ஷோரூமிலேயே சாவியை வாங்கிக்கொள்ளலாம், சாஸ்திரத்துக்கு அது போதும்.

அடுத்து பிளேட். மலேசியாவில் சாதாரணக் காருக்குப் பிளேட்டை அரசாங்கம் அடித்துத் தருவதில்லை. ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகா எண்ணை மட்டும் கொடுக்கும். பலகையை அக்செசரி கடையில் செய்துகொள்கிறோம். மின்சாரக் கார்களுக்கு மட்டும் 2024 செப்டம்பரில் 98 ரிங்கிட்டுக்கு ஜேபிஜேயின் சொந்தப் பிளேட் வந்தது. கடையில் செய்வதால்தான் இத்தனை கோணங்கித்தனம். 5-ஐ எஸ் போல வளைப்பது, 4-ஐ ஏ போலத் திருத்துவது, இடைவெளியை நெருக்கி மகன் பெயரை வரவழைப்பது, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் மூடி போடுவது. கூட்டுத்தொகை 9 வரவேண்டும் என்று ஏலத்தில் பணம் கொட்டி நம்பர் வாங்கிவிட்டு, அதை யாரும் படிக்க முடியாதபடி மாட்டுவதன் தர்க்கம்தான் விளங்குவதில்லை.

காருக்கான அளவு இதுதான்: கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டின் தடிமன் 10. அடுத்தடுத்த எழுத்துகளுக்கு நடுவே 10, எழுத்துத் தொகுதிக்கும் எண் தொகுதிக்கும் நடுவே 30. கடைக்காரரிடம் "ஜேபிஜே அளவு" என்று சொன்னால் போதும், அவருக்குத் தெரியும். அலங்காரப் பிளேட்டோடு வாகனப் பரிசோதனைக்குப் போனால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாலையில் பிடித்தால் சம்மன்.

பிளேட் தானாகவே காணாமல் போவதும் உண்டு. கோலாலம்பூரில் திடீர் வெள்ளத்தில் தண்ணீருக்குள் ஓட்டி வெளியே வந்து பார்த்தால் முன்பிளேட் இருக்காது. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியதுதான் காரணம். பம்பரில் மோதும் தண்ணீர் பலகையின் கீழ்விளிம்பில் புகுந்து நெம்பிவிடும். டேப்போடு இரண்டு திருகாணியும் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. விழுந்துவிட்டால் எண்ணைத் தாளில் எழுதி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றாதீர்கள். பிளேட் கடையில் அன்றைக்கே செய்து வாங்கிவிடலாம். வெள்ளம் இல்லாமல், நிறுத்திய இடத்தில் மாயமானால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். முதலில் போலீஸ் புகார், பிறகு புதுப் பிளேட். உங்கள் பிளேட்டோடு வேறொரு கார் டோலைக் கடந்தாலோ எண்ணெய் அடித்துவிட்டுப் பணம் கொடுக்காமல் ஓடினாலோ, தேதி போட்ட அந்தப் புகார்தான் உங்களுக்குத் துணை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ரோட் டேக்ஸ் உள்ள இன்னொரு காரின் பிளேட்டைக் கழற்றி, செத்த காரில் மாட்டி ஓட்டுவார்கள், "இரண்டுமே என் கார்தானே" என்று. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இதை மோசடியாகப் பார்க்கிறது. அபராதம் 5,000 ரிங்கிட்டில் தொடங்கி 20,000 வரை போகும், சிறையும் உண்டு. ரோட் டேக்ஸ் இல்லாமல் பிடிபட்டிருந்தால் வந்திருக்கும் சம்மனோடு இதை ஒப்பிடவே முடியாது.

ரோட் டேக்ஸை ஏன் விடுகிறார்கள்? சின்னக் காருக்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் காருக்கு 1,000 சிசி வரை வருடத்துக்கு 20 ரிங்கிட், 1,400 வரை 70, 1,600 வரை 90. அதற்கு மேல்தான் ஏணி செங்குத்தாகிறது. 2,500 சிசியைத் தாண்டினால் அடிப்படை 880, கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 2.50. ஆக 2,800 சிசி காருக்கு 1,630 ரிங்கிட். 3,000-ஐத் தாண்டினால் 2,130-உடன் சிசிக்கு 4.50, 3,500 சிசி என்றால் 4,380. பழைய பெரிய ஜெர்மன் காரை மலிவு என்று வாங்கி, அடுத்த வருடமே துணி போட்டு மூடிவைப்பது இதனால்தான். வாங்குவதற்கு முன் கிராண்ட் எனும் பதிவுச் சான்றிதழில் உள்ள சிசியைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். வருடத்தில் சில மாதமே ஓட்டுவதாக இருந்தால் ஆறு மாதத்துக்கு மட்டும் எடுக்கவும் வழி உண்டு.

மறதியும் ஒரு காரணம், அதிலும் இப்போது. தனிநபர் காருக்கு ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை என்று 2023 பிப்ரவரி 10-இல் அறிவித்த பிறகு, கண்ணாடியில் தினமும் கண்ணில் பட்ட தேதி கைப்பேசிக்குள் போய்விட்டது. மைஜேபிஜே செயலியைத் திறந்தால்தான் தெரியும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கலாம். நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வரிசை மாறக் கூடாது. முதலில் காப்புறுதி, அது ஜேபிஜே கணினியில் ஏறிய பிறகே ரோட் டேக்ஸ்.

கவுண்டரில் "பிளாக்லிஸ்ட்" என்று சொன்னால் சம்மன் பாக்கி. போலீஸ் சம்மனும் ஜேபிஜே சம்மனும் வேறு வேறு கணக்கு. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கம். போலீஸின் மைபாயார் பிடிஆர்எம் தளத்தில் ஒரு முறை, மைஜேபிஜேயில் ஒரு முறை என இரண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் போகாத ஊரில் சம்மன் விழுந்திருந்தால் வாய்மூடிக் கட்டிவிடாதீர்கள். படத்தைக் கேட்டு, கார் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

இத்தனையிலும் பெரிய தவறு, ரோட் டேக்ஸ் எடுக்க முடியாதபோது காப்புறுதியையும் விட்டுவிட்டு, "பக்கத்துச் சந்தைக்குத்தானே" என்று ஓட்டுவது. ரோட் டேக்ஸ் இல்லாத குற்றம் பணத்தோடு போகும். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 90ஆம் பிரிவின்படி 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், லைசென்ஸும் போகலாம். சட்டம் சொல்லும் தொகை சிறியதுதான். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள்காரரை இடித்துவிட்டால் அவருடைய மருத்துவச் செலவும் இழப்பீடும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

பெயர் மாற்றத்தில் சிக்குகிற கார்கள் தனி ரகம். பொதுவாக விற்பவரும் வாங்குபவரும் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும், அதற்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையத்தில் பெயர் மாற்றத்துக்கான பி-5 பரிசோதனை. வங்சா மாஜு மையத்திலோ மாக் மண்டின் மையத்திலோ வரிசையில் நின்று தோற்கும் பழைய கார்களில் பல, எஞ்சின் எண்ணில் தோற்கின்றன. பழைய எஞ்சின் போனதும் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் வேறொன்று வாங்கிப் போட்டிருப்பார்கள். கிராண்டில் பழைய எண்ணே இருக்கும். அன்றே ஜேபிஜேயில் பதிந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். பத்து வருடம் கழித்து எஞ்சின் வாங்கிய ரசீதுக்கு எங்கே போவது? ரசீதைக் கிராண்டோடு சேர்த்து வையுங்கள். காரின் நிறத்தை மாற்றினாலும் பதிய வேண்டும். கடன் முடிந்த காரென்றால், ஜேபிஜே பதிவில் வங்கியின் உரிமை நீங்கிவிட்டதா என்றும் பாருங்கள். தவணை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டு, விற்கும் நாளில்தான் பலர் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

"தொடர்ந்து கட்டிக்கொள்கிறேன்" என்று வங்கிக்குத் தெரியாமல் காரைக் கைமாற்றும் சம்பூங் பாயார் பக்கமே போகாதீர்கள். 1967 வாடகைக் கொள்முதல் சட்டப்படி அது குற்றம். தவணை நின்றால் வங்கி தேடுவது உங்களை, சம்மன் வருவதும் உங்கள் பெயரில். கார் எங்கே நிற்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

அப்பா இறந்த பிறகு அவர் பெயரிலேயே காரை ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. ரேகை வைக்க ஆளில்லாமல் பெயர் மாறாது. அவர் விட்டுச்சென்றவை கார், சேமிப்பு போன்ற அசையும் சொத்து மட்டுமே, மொத்தம் 600,000 ரிங்கிட்டுக்குள் என்றால் அமானா ராயா எனும் அரசு அறங்காவல் நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், கிராண்ட், வாரிசுகளின் அடையாள அட்டைகளோடு போங்கள். வாரிசுகள் ஒத்துக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள். காலம் போகப் போகக் கையெழுத்து கிடைப்பது கடினம்.

ஓட்டவே முடியாத காரைப் பிளேட்டைக் கழற்றிவிட்டுச் சாலையோரம் விட்டால் உங்கள் பெயர் அழிந்துவிடாது, சேசிஸ் எண் அதிலேயே இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். பழைய இரும்புக்காரர் உங்கள் கையில் சில நூறு ரிங்கிட் கொடுத்துவிட்டு லாரியில் ஏற்றிப் போனால் பதிவு அப்படியே உயிரோடு இருக்கும். ரத்து உறுதியான தாளை வாங்கிய பிறகு, வீட்டில் பழைய பிளேட் மிச்சமிருந்தால் இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் வேறொரு காரில் ஏறிவிடும்.