ஆய்வு மக்களிடம் போய்ச் சேராமல் தடுக்கும் தவறுகள்

கட்டுரை இதழில் வந்துவிட்டால் கடமை முடிந்தது என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆனால் பல இதழ்களில் பணம் கட்டினால்தான் கட்டுரையைத் திறக்கவே முடியும். மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வை அந்த மக்களே படிக்க முடியாமல் போவது அநியாயம். ஏற்றுக்கொள்ளப்பட்ட கைப்பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி போட நிறைய பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சில மாதம் பொறுக்கச் சொல்வதும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இயற்பியலாளர்கள் 1991இலேயே ஆர்க்சைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியம் மூலம், இதழில் வருவதற்கு முந்தைய முன்வரைவுகளைப் பகிரத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, திறந்து வைத்தாயிற்று. எப்படிச் சொல்கிறோம் என்பதில் அடுத்த சறுக்கல். 1995இல் பிரிட்டனில், சில புதிய கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு (ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவது) அபாயம் இரு மடங்காகிறது என்று எச்சரித்தார்கள். உண்மையில் ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு என்றிருந்தது இருவருக்கு என்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். ‘இரு மடங்கு’ என்பதை மட்டும் கேட்டு ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிடப்பட்டது. கர்ப்ப காலத்தில் வரும் ரத்தக்கட்டு அபாயமோ அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று சொல்லாமல் மடங்குக் கணக்கை மட்டும் வெளியிடவே கூடாது.

இப்படி ஆகும்போது பழியைப் பத்திரிகைகள்மேல் போட்டுவிடுகிறோம். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் பத்திரிகைகளுக்காக வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 40 சதவீதத்தில், ஆய்வுக் கட்டுரையில் இருந்ததைவிட மிகையான ஆலோசனை இருந்தது. செய்திக் குறிப்பை ஆய்வாளரே வரிவரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விஷயம் தெரிந்த மக்களிடம் கேட்காமலே ஆய்வைத் தொடங்குவது. 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் மழையோடு கதிரியக்க சீசியம் இறங்கியது. ஆடுகளை விற்கத் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று அரசுத் தரப்பு விஞ்ஞானிகள் சொன்னார்கள். களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அங்கே இருந்ததோ அமிலத்தன்மை கொண்ட, மட்கிய தாவரங்களால் ஆன கரிமண்; அது சீசியத்தை அப்படிப் பிடித்து வைக்காது. சீசியம் புல்லுக்கும் ஆட்டுக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. பரிசோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்தபோது, திறந்த மலையில் மேய்ந்து பழகியவை அடைத்தால் மெலிந்துவிடும் என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தப் பரிசோதனையைக் கைவிட நேர்ந்தது. கடைசித் தடை நீங்கியது 2012இல்தான்.

அப்புறம், ரத்த மாதிரியும் பேட்டியும் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லாமலே விட்டுவிடுவது. அவர்கள் மொழியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, நேரில் போய்ப் பேச வேண்டும். அதற்கான நாட்களையும் செலவையும் நிதி விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் நிதி தீர்ந்து, களப்பணி செய்தவர்களும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.