செராமிக் கிளிப் கழற்றும்போது விடுகிற பிழைகள்

போன கிழமை நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை பல்லை நேராக்கப் போட்டிருந்த செராமிக் கிளிப்பைக் கழற்ற வந்தாள். எல்லாம் முடிந்து, கண்ணாடியில் பல்லை ஆசைதீரப் பார்த்துவிட்டு, பல் பழையபடி திரும்பாமல் பிடித்துவைக்கப் போட்டுவிட்ட புது ரிட்டெய்னரைக் கழற்றி ரிசுப் பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். "பஸ்ஸில கச்சான் சாப்பிடப் போறன் அக்கா, ரெண்டு வருசமாத் தொடேல்ல" என்று சிரித்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரிட்டெய்னரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் கொடுத்து, அந்த ரிசுவைக் குப்பையில் போட்டபிறகுதான் அவளைப் போக விட்டேன்.

நான் வவுனியாவில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன். இந்த வேலைக்கு வருமுன் நானும் செராமிக் கிளிப் போட்டிருந்தேன். அப்போது நான் விட்ட பிழைகளை இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் என் கண்முன்னே திரும்ப விடுகிறார்கள். பல்லை ஒழுங்காகத் துலக்குங்கள், டொபி சாப்பிடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை உங்களுக்கு முதல்நாளே சொல்லியிருப்பார்கள்.

கடைசி பஸ்ஸுக்கு முன் முடிந்துவிடும் என்று பின்னேரம் வருவது

இரும்புக் கிளிப் போட்ட அண்ணனுக்கு அரை மணித்தியாலத்தில் முடிந்தது, எனக்கும் அப்படித்தான் என்று கணக்குப் போடாதீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் சின்னக் கட்டையைத்தான் பிரக்கெட் என்பது. உலோகப் பிரக்கெட்டைக் குறட்டால் அமுக்கினால் கொஞ்சம் வளைந்து, பசையிலிருந்து உரிந்து வந்துவிடும். செராமிக் பிரக்கெட் அலுமினியம் ஒக்சைட்டால் செய்தது. அது கடினம், ஆனால் வளையத் தெரியாது. ஒன்று முழுசாகக் கழரும், இல்லையென்றால் பாதி உடைந்து மீதி பல்லிலேயே நிற்கும். அந்த மீதியைத் தண்ணீர் பீய்ச்சியபடி வைரத்தூள் பதித்த பர்ரால், அதாவது சுழலும் சின்ன அரைமுனையால், அரைத்துத்தான் எடுக்கவேண்டும். அப்புறம் பல்லில் ஒட்டியிருக்கும் பசையை வேறொரு பர்ரால் மெல்ல மெல்லச் சுரண்டி, மெருகு போட்டு, ரிட்டெய்னருக்கு அச்சும் எடுக்கவேண்டும். எங்கள் கதிரையில் சிலர் முக்கால் மணித்தியாலத்தில் எழும்பிவிடுவார்கள், சிலருக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். எது எப்படி உடையும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

முள்ளியவளையிலிருந்து வந்த ஒரு தம்பி மூன்றரை மணிக்குக் கதிரையில் ஏறி, நாலேகாலிலிருந்து சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பசை இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று டொக்டர் சொல்ல, "அடுத்தமுறை எடுக்கலாம்" என்று எழும்பி ஓடிவிட்டான். அடுத்தமுறை என்பது மூன்று மாதம் கழித்து வந்தது. மிஞ்சிய பசையில் தேத்தண்ணீர்ச் சாயம் ஏறி, முன்பல்லில் மண்ணிறத் திட்டுகள். காலையில் நேரம் கேளுங்கள். எழும்புவதற்கு முன் எல்லாப் பற்களையும் நாக்கால் ஒருதரம் தடவிப் பாருங்கள். எங்காவது சொரசொரத்தால் அங்கேயே சொல்லுங்கள். டொக்டருக்கு அதில் கோபம் வராது. கழற்றிய ஒரு மாதம் கழித்துச் சொன்னால்தான் வரும்.

சத்தத்துக்குத் துள்ளுவது

முதல் பிரக்கெட் உடையும்போது மண்டைக்குள் ஒரு 'டக்' கேட்கும். நான் டொக்டரின் கையை எட்டிப் பிடித்துவிட்டேன். பல்தான் போயிற்று என்று நினைப்பு. குறடு வாய்க்குள் இருக்கும்போது அப்படிப் பிடித்தால் என்ன ஆகும் என்று இப்போது மறுபக்கத்தில் நின்று பார்க்கையில்தான் விளங்குகிறது.

உடைவது பிரக்கெட், பல் அல்ல. சத்தம் எலும்பு வழியாகக் காதுக்குப் போவதால் பெரிதாகக் கேட்கிறது. பல்லின் மேலோட்டில் நரம்பு கிடையாது, ஆகவே உங்களுக்குத் தெரிவது அமுக்கமும், தண்ணீரும் காற்றும் படுகிற கூச்சமும்தான். நகர்த்தப்பட்ட பற்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அதனால் இழுவை ஒரு மாதிரியாக இருக்கும். பஞ்சுருளை ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தால் பல்லுக்குத் தாங்கல் கிடைக்கும். தராவிட்டால் கேளுங்கள். துண்டு ஏதும் நாக்கில் விழுந்தால் விழுங்காமல் இடக்கையை உயர்த்துங்கள். கண்ணாடி தந்தால் போட்டுக்கொள்ளுங்கள், செராமிக் சில்லு எந்தப் பக்கமும் பறக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லவேண்டும்: பெரிய அடைப்பு வைத்த பல், தொப்பி போட்ட பல், விழுந்தோ அடிபட்டோ வெடித்த பல். 1980களில் செராமிக் வந்த புதிதில் பசை இரசாயன முறையில் மிக இறுக்கமாகப் பிடித்ததால், கழற்றும்போது மேலோட்டுத் துண்டும் கூடவே வந்த சம்பவங்கள் உண்டு. இப்போதைய பிரக்கெட்டுகளின் அடிப்பாகமே கழருவதற்கு வசதியாகச் செய்யப்படுகிறது. ஆனாலும் ஏற்கெனவே பலவீனமான பல் என்றால் டொக்டர் இழுக்காமல் அரைத்தே எடுக்க நினைக்கலாம். அவருக்குத் தெரிந்தால்தானே.

கலியாணத்துக்கு முதல்நாள்

வேண்டாம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முதல்நாளும் வேண்டாம். பிரக்கெட்டைச் சுற்றி வீங்கியிருந்த ஈற்றில், கிளிப் கழற்றிய அன்று இரத்தம் கசியும். வீக்கம் வற்ற ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். புது ரிட்டெய்னரோடு 'ஸ', 'ச' எல்லாம் சில நாளைக்கு ஒழுங்காக வராது, எச்சிலும் ஊறும். மூன்று கிழமை இடைவெளி விட்டால் படத்தில் நிம்மதியாகச் சிரிக்கலாம்.

வீட்டுக் குறடு

தொடவே வேண்டாம்.

வெள்ளைத் திட்டுக்கெல்லாம் கிளிப்பைத் திட்டுவது

கழற்றியதும் பல்லில் வெள்ளைத் திட்டைக் கண்டு அழுதவர்கள் உண்டு. அதில் இரண்டு வகை இருக்கிறது. பிரக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வளையம்போல இருந்தால், அங்கே ஊத்தை தங்கி அமிலம் அரித்திருக்கிறது. அது கிளிப் காலத்தில் வந்தது. உமிழ்நீரும் புளோரைட் பற்பசையும் சேர்ந்து சில மாதங்களில் அதைக் கொஞ்சம் மங்கச் செய்யும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். எல்லாப் பற்களிலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரிக் கோடு கோடாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர் செய்த வேலை. வவுனியாவிலும் வன்னியின் வேறு சில இடங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைட் கூட. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேலுள்ள தண்ணீரைச் சின்ன வயதில், பல் உருவாகிற காலத்தில் குடித்தால் இந்தத் திட்டு வரும். கிளிப் போட முன்பே அது இருந்தது, இரண்டு வருடம் பிரக்கெட் மறைத்திருந்ததில் மறந்துபோனீர்கள்.

எது எது என்று தெரிய ஒரே வழி, போடுமுன் எடுத்த படம். போனில் எடுத்தாலே போதும். இனிப் போடப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

ரிட்டெய்னரைத் தொலைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. வீடு ஒட்டுசுட்டானில், கிளிப் கழற்றியது யாழ்ப்பாணத்தில். திரும்பி வரும்போது பஸ் முறிகண்டியில் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கற்பூரம் கொளுத்தவும் சனம் இறங்கியது. நான் நேரே கச்சான்காரியிடம் போனேன். ஒரு சுருள் கச்சான், சுடச்சுட. ரிட்டெய்னரைக் கழற்றி ரிசுவில் சுற்றி மடியில் வைத்தேன். கச்சான் கோதையும் அதே மடியில் கிடந்த பேப்பரில்தான் போட்டேன். மாங்குளத்தில் பஸ் மாற இறங்கும்போது எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகச் சுருட்டிக் குப்பைவாளியில் எறிந்துவிட்டு, ஒட்டுசுட்டான் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து ஊர் வரைக்கும் போனில் பல்லைப் படமெடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் முகம் கழுவும்போதுதான் விசயம் தெரிந்தது.

தொலைத்தது பெரிய காரியமில்லை. ரிட்டெய்னர் தொலைக்காத ஆளை நான் இன்னும் காணவில்லை. அடுத்து நான் செய்ததுதான் பிழை. அடுத்த தவணைக்கு ஆறு கிழமை இருந்தது. பல்லோ அடிமட்டம் வைத்துக் கீறினதுபோல நிற்கிறது, நோவும் இல்லை. போன் எடுத்துச் சொன்னால் ஏசுவார்கள். புதிதுக்குக் காசு கேட்பார்கள். யாழ்ப்பாணம் போய்வர ஒருநாள் வேலை கெடும். ஆறு கிழமைதானே, போகும்போது சொல்வோம் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை, மீன் முள்ளை நாக்கால் துழாவும்போது மேல் இடப்பக்கத்து இரண்டாம் பல்லின் ஓரம் தட்டுப்பட்டது. முன்பு தட்டுப்படாத ஓரம். பஸ்ஸில் எடுத்த படத்தை வைத்து ஒப்பிட்டேன், வெளிச்சம் வேறு என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். ஆறாம் கிழமை வெளிச்சத்தைச் சாட்டுச் சொல்ல முடியவில்லை. பல் திரும்பிவிட்டிருந்தது. தொடக்கத்தில் எல்லாவற்றிலும் கூடத் திரும்பி நின்ற பல்லும் அதுதான்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பொறுமையாக விளங்கப்படுத்தினார். பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் நிற்பதில்லை, நார்களால் கட்டுண்டு நிற்கிறது. வேரைப் பிடித்திருக்கும் நார்கள் புது இடத்துக்குத் தக்கபடி ஒழுங்காக மூன்று நாலு மாதம் வேண்டும். ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்கள், முக்கியமாகத் திருப்பி எடுத்த பல்லைச் சுற்றியவை, ஒரு வருடம் கழிந்தும் இறப்பர்போலப் பழைய பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். நான் அதை என் பாட்டில் கதியாலாக விளங்கிக்கொண்டேன். வேலியில் புதிதாக நட்ட கதியால் நேராகத்தான் தெரியும். வேர்விட்டு மண் இறுகும்வரை மாடு உரசினால் போதும். முதல் கிழமைகளில்தான் கவனம் கூட வேண்டும், நானோ அந்தக் கிழமைகளையே விட்டுவிட்டேன்.

அப்போதிருந்த நிலையில் புது ரிட்டெய்னர் செய்தால் அது கோணலைத்தான் பிடித்துவைத்திருக்கும். ஆகவே மேல் முன்பற்கள் ஆறுக்கும் திரும்பப் பிரக்கெட், நாலு மாதம். செராமிக்குக்குக் கையில் காசில்லை, இரும்புதான் போட்டேன். அந்த நாலு மாதத்தில் எங்கள் சொந்தத்தில் இரண்டு கலியாணம் நடந்தது.

இப்போது கிளினிக்கில் யாராவது இரண்டு மாதம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு வந்தால், "ஏன் பிள்ளை, அண்டைக்கே ஒரு கோல் எடுத்திருக்கலாமே?" என்று கேட்பேன். "ஏசுவீங்கள் எண்டு பயம் அக்கா." இந்தப் பதிலைக் கேட்கும்போது வருகிற எரிச்சலில் பாதி என்மேல் எனக்கு இருக்கிறது.

தொலைத்தால் அன்றைக்கே போன் பண்ணுங்கள். உங்கள் பல்லின் சாந்து அச்சை அநேகமான கிளினிக்கில் வைத்திருப்பார்கள். கழற்றும் நாளிலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள், எறியப்போவதாகச் சொன்னால் வாங்கி வந்து அலுமாரியில் வையுங்கள். பல் நகருமுன் அந்த அச்சிலேயே புதிதைச் செய்துவிடலாம். ஒரே பயணத்தில் வந்து இறுக்கம் சரிபார்த்துப் போட்டுக்கொண்டு போகலாம். "பஸ்ஸில குடுத்துவிடுங்கோ, நாங்கள் சந்தியில வாங்குறம்" என்று ஒரு அம்மா கேட்டார். மீன் பார்சல் அல்லவே அம்மா, வாயில் வைத்துப் பார்க்கவேண்டும்.

தொலைந்தது நாலு நாள் கழித்துக் கிடைத்தாலும் பல்லில் ஏறுகிறதா பாருங்கள். இறுக்கமாக ஏறினால் போட்டுக்கொண்டு போன் பண்ணுங்கள். ஏறாவிட்டால் அமுக்காதீர்கள், உடையும்.

கீழ்ப் பல்லுக்குப் பின்னால் கம்பி ஒட்டியிருக்கிறது, எனக்கு ஒன்றும் வராது என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பி அறாமலே ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருக்கலாம். நோகாது, ஆடாது, அந்தப் பல் மட்டும் மெல்லத் தன் வழியில் போகும். கிழமைக்கு ஒருதரம் நாக்கால் தட்டிப் பாருங்கள்.

எவ்வளவு காலம் போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்கள் டொக்டர்தான் சொல்லவேண்டும். வழமையாக முதல் சில மாதம் சாப்பாட்டுக்கும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம், பிறகு இரவில் மட்டும். எப்போது நிறுத்தலாம் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் டொக்டர், "பல் நேராய் இருக்கவேண்டாம் எண்டு தோன்றுற அன்றைக்கு" என்பார்.

கொதிதண்ணீர்

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற வீடுகளில் ரிட்டெய்னருக்கும் அதே மரியாதை நடக்கும். கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் ரிட்டெய்னர் சூட்டில் வளைந்தால் திரும்பி வராது. பச்சைத்தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலில் படிவதுபோல வெள்ளைப் படிவு வந்தால், வினாகிரியில் தண்ணீர் கலந்து கொஞ்சநேரம் ஊறவைத்துக் கழுவுங்கள்.

அன்றைக்கே ஒடியல்

பல் இன்னும் தளர்வு. ஒரு கிழமை புட்டு, இடியப்பம், சொதி. ஒடியல் எங்கேயும் ஓடிவிடாது. கச்சானையும் சேர்த்துத்தான்.

அன்றைக்கே வெண்மையாக்கல்

ஈறு ஆறட்டும், கூச்சம் அடங்கட்டும். அப்புறம் டொக்டரைக் கேளுங்கள்.

நாய்

ரிட்டெய்னரில் எச்சில் வாசம் இருக்கும், நாய்க்கு அது நல்ல விருப்பம். பெட்டியைத் திண்ணையில் வைக்காதீர்கள்.